ஒரு கரண்டி எண்ணெய்

குடும்ப ஸ்திரீ ஒருத்தி மோட்டார் இஞ்சினைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குக்கரில் பக்கவாட்டில் ஆவி ஒழுகினால், காஸ்கெட் தளர்ந்துவிட்டதா, மூடி சரியாகப் பொருந்தவில்லையா என்று சட்டென்று கண்டுபிடித்துச் சொல்லுகிறவர் யார்? வீட்டு ஆண்பிள்ளைகளா? நான் கற்றுக்கொண்ட வித்தையும் ஏறக்குறைய அவ்வளவுதான். என்ன, இந்தக் குக்கர் கொஞ்சம் பெரியது. நாலு சக்கரமும் உண்டு.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வாசல் போர்டிகோவில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இரண்டே கதவுகள். 1976-ல் என் மாமனார் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது அவர் மின்சார வாரியத்தில் வேலையாயிருந்தார். என் வீட்டுக்காரருக்கு முடி இறக்கப் பழனிக்குப் போனது அதில். என் நாத்தனார் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது அதில். நான் புதுப்பெண்ணாக இந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அதில்தான். இறங்கும்போது என் கூறைப்புடவைத் தலைப்பு கதவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கிழிசல் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

அந்தக் காருக்குப் பிறந்த வீடும் எங்களுக்குக் கூப்பிடு தூரந்தான். 1948-ல் ஆரம்பமான ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே தொழிற்சாலை வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டியை, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தார்கள். உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். அவருக்கு நான் நன்றி சொல்ல ஒரு காரணம் உண்டு. மற்றக் கார்களில் இஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் கிணற்றுக்குள் குனிகிற மாதிரி குனிய வேண்டும். ஹெரால்டில் அப்படியில்லை. முகப்பு முழுவதும், மட்கார்டு விளக்கு சகிதம், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். முன் டயரின் மேல் மணையில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். இடுப்பு வலிக்காரியான எனக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லி முடியாது.

1980-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலை நின்றுபோயிற்று. எங்கள் வண்டி மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தியது 2015 டிசம்பர் மழை. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீரில் மிதந்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் போர்டிகோ கொஞ்சம் மேடு. பாதிச் சக்கரம் வரை தண்ணீர் வந்து நின்று, இஞ்சினைத் தொடாமல் திரும்பிப் போய்விட்டது. ஆனால் மாமனாருக்கு அந்த வருஷந்தான் கண் ஆபரேஷன். அவர் ஓட்டுவதை நிறுத்தினார். வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தினோம். “அடுத்த மாசம் எடுக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த அடுத்த மாசம் ஏறக்குறைய பத்து வருஷம் வரவில்லை.

இனி, நான் செய்த ஒரு காரியத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்புக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டவள் நான்தான். போர்டிகோவில் பெண்ணின் ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை. தார்ப்பாய்க்குள் பூனை குட்டி போட்டிருந்தது. மழை வந்தால் கொசு. அவர் வண்டியைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, பதினாறாயிரம் என்றார். ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நோட்டைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மாமனார் ஈஸிசேரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சில வருஷங்களாகவே அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. ஆகையால் நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவள், வாசல் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். போர்டிகோவில் விளக்கில்லை. தார்ப்பாயை ஒரு பக்கம் விலக்கிவிட்டு, மாமனார் காருக்குள், ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கை கியர் தடியின் மேல் இருந்தது. வேறொன்றும் செய்யவில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் வருமா?

காலையில் காபியைக் கொடுத்தபோது அவரே பேசினார். “ஏம்மா, ஒரே ஒரு சோதனை செஞ்சு பாத்துட்டு அப்புறம் குடுத்துடலாமா? ஒரு கரண்டி எண்ணெய் போதும்.”

“என்ன எண்ணெய் மாமா?”

“சமையல் எண்ணெய் இல்லம்மா, இஞ்சின் எண்ணெய். கரண்டி மட்டும் உன்னோடது.”

அதற்கு முன் ஒரு மெக்கானிக்கை அழைத்துக் காட்டலாம் என்றார் என் வீட்டுக்காரர். வந்தவர் நல்ல மனிதர்தான். முகப்பைத் திறந்தார், பார்த்தார், மூடினார். “இஞ்சினை இறக்கணும் ஸார். போர் போடணும், பிஸ்டன் மாத்தணும், கிராங்க் கிரைண்டிங். எண்பத்தஞ்சு ஆயிடும்” என்றார். எண்பத்தைந்து என்றால் ஆயிரங்களில். ஒரு பிளக்கைக்கூட அவர் கழற்றிப் பார்க்கவில்லை. நாடி பிடிக்காமலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்த வைத்தியரைப் போல எனக்குப் பட்டது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டால்தான் அவரால் உத்தரவாதம் கொடுக்க முடியும். அரையும் குறையுமாகச் செய்து கொடுத்துவிட்டு, நடுவழியில் நின்றால் திட்டு வாங்குவது அவர்தானே?

என் கையில் சீட்டுப் பணம் இருபத்தையாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சபையில் அறிவித்தேன். சபை என்பது மாமனார், மாமியார், வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கும் பெண். பூனையும் இருந்தது.

பத்து வருஷம் நின்ற இஞ்சினைச் சாவி போட்டுத் திருகிவிடக் கூடாது. இதுதான் முதல் பாடம். உள்ளே பிஸ்டன்கள் ஸிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்கள் வழியே டீசலும் இஞ்சின் எண்ணெயும் கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் ஊற வைத்தோம். ஊறுகாய் போடுகிறவர்களுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டாம் நாள், கியரை நாலாவதில் போட்டு, நானும் பெண்ணும் பின்னாலிருந்து தள்ளினோம். அசையவில்லை. இன்னும் இரண்டு நாள் ஊறல். மறுபடி தள்ளினோம். “களுக்” என்று ஒரு சத்தம்; வண்டி ஒரு சாண் நகர்ந்தது. மாமனார் ஈஸிசேரை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

பழைய எண்ணெயை வடித்தோம். தார் மாதிரி இருந்தது. புது எண்ணெய் நாலு லிட்டர் ஊற்றி, கொழுந்தனார் காரின் பாட்டரியை ஒரு மத்தியானத்துக்குக் கடன் வாங்கி, சோதனையைத் தொடங்கினோம்.

சோதனை என்ன என்று சொல்கிறேன். இஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் வெளியே கசியாமல் நின்றால்தான் பலம். கசிவதற்கு முக்கியமான வழிகள் மூன்று. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். மேலே திறந்து மூடும் வால்வுகள் சரியாகப் படியாமல் இருக்கலாம். அல்லது இஞ்சின் உடம்புக்கும் ‘ஹெட்’ என்ற மேல்மூடிக்கும் நடுவிலுள்ள காஸ்கெட் போயிருக்கலாம். முதலாவதுதான் பெரிய செலவு. இஞ்சினை இறக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் மேல்மூடியை மட்டும் கழற்றினால் போதும். எது என்று தெரியாமல் செலவு செய்வது, குக்கரில் ஆவி ஒழுகுகிறதென்று புதுக் குக்கர் வாங்குகிற மாதிரி.

நாலு பிளக்குகளையும் கழற்றி, அழுத்தமானியை ஒவ்வொரு துவாரத்திலும் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நான் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முதல் ஸிலிண்டர் 110. இரண்டாவது 105. மூன்றாவது 55. நான்காவது 110. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கு.

“கரண்டி” என்றார் மாமனார்.

பாயசக் கரண்டியை நீட்டினேன். மாமியார் சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு, “அது வெள்ளிக் கிழமைக்கு எடுக்கிற கரண்டி!” என்று கூவினார். அதற்குள் அது மூன்றாவது துவாரத்தில் எண்ணெயை ஊற்றிவிட்டது. மறுபடி சுற்றினோம். முள் 60-ல் நின்றது.

மாமனார் சிரித்தார். நான் அவர் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! “பாத்தியா? வளையம் தேஞ்சிருந்தா எண்ணெய் அந்த இடுக்கை அடைச்சிருக்கும். முள்ளு விறுவிறுன்னு ஏறியிருக்கும். ஏறலை. அடியில குத்தமில்லை. காஸ்கெட்டுன்னா பக்கத்து ஸிலிண்டரும் சேந்து விழுந்திருக்கணும், அதுவும் இல்லை. இது வால்வு.”

அன்று சாயங்காலம் இரும்புக்காரரின் ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

மேல்மூடியைக் கழற்றிய கதை ஒரு வாரக் கதை. அதில் பாதி, காத்திருந்த கதை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்தால் கஷாய நிறத்தில் வந்தது. தள்ளுகம்பிகள் எட்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் வரிசையாகத் துளை போட்டு நிறுத்தினேன். எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். வால்வுகள் எட்டுக்கு என்ன செய்வது? நாலு குழி இட்டிலித் தட்டு இரண்டு இருந்தது. குழிக்கு ஒன்றாக எண்ணெழுதி வைத்தேன். அதற்கப்புறம் அந்தத் தட்டுகளில் இட்டிலி வார்க்க மாமியார் சம்மதிக்கவில்லை. புதுத் தட்டு வாங்கிய செலவையும் கார்க் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

நட்டுகளையெல்லாம் எடுத்த பிறகும் மூடி அசையவில்லை. என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, பெரிய ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனார்.

“தொடாதேடா!”

சந்து முழுக்கக் கேட்டிருக்கும். மாமனாருக்கு அப்படி ஒரு குரல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தச் சமதளத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதுமாம், புதுக் காஸ்கெட் போட்டாலும் கசியும். ஆகவே ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மூன்று நாள் கழித்து, மரச் சுத்தியால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டினோம். தேங்காய் மூடி விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்தது. வார்ப்பிரும்பு, நானும் பெண்ணும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

குற்றவாளி அங்கே இருந்தான். மூன்றாவது ஸிலிண்டரில் புகை வெளியேறும் வால்வு. அதன் ஓரம் கரப்பான் அரித்த காகிதம் மாதிரி தீய்ந்து போயிருந்தது. ஸிலிண்டர் சுவர்களோ கண்ணாடி போல இருந்தன. விரலால் தடவினால் மேலே விளிம்பு தட்டவேயில்லை. எண்பத்தைந்தாயிரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

வால்வு ஏன் தீய்ந்தது? கேட்டதும் மாமனார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தணிந்த குரலில், “நான்தாம்மா காரணம்” என்றார்.

வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். டாப்பெட் இடைவெளி என்பார்கள். இஞ்சின் சூடானால் வால்வுத் தண்டு நீளும். அது நீளுவதற்காகவே அந்த இடம். இடைவெளி இருந்தால் ‘டிக் டிக்’ என்று சன்னமான சத்தம் வரும். அதைக் கேட்க ஒருவருக்குப் பிடிக்காமல், இடைவெளியை இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுக்கப் படியாது. படிந்திருக்கும்போதுதான் அது தன் சூட்டை இருக்கைக்கு இறக்கிவைக்க முடியும். படியாத வால்வு சூட்டைச் சுமந்து சுமந்து, கடைசியில் தீய்ந்துபோகும்.

“கடகடன்னு சத்தம் வருது, தையல் மிஷின்ல உக்காந்து போற மாதிரி இருக்குன்னு உங்க அத்தை சொன்னா. சரின்னு நான் இறுக்கிட்டேன்.”

“நானா சொன்னேன்?” என்றார் மாமியார் உள்ளிருந்து. ஆனால் குரலில் பலமில்லை.

புது வால்வுக்காக எலெக்ட்ரிக் ரயிலில் எழும்பூருக்குப் போய், அங்கிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தேன். பழைய வண்டிகளின் உறுப்புகள் மலை மலையாகக் குவிந்திருக்கும் இடம். மாதிரிக்காகத் தீய்ந்த வால்வைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் வாங்கிய மல்லிகையும் பக்கத்திலேயே இருந்தது. ஐந்து கடைகளில் தலையை ஆட்டினார்கள். ஆறாவது கடைக்காரர் வயதானவர். “ஹெரால்டா? அது போய்ச் சேந்து எவ்வளவு நாளாச்சு!” என்று சொல்லிக்கொண்டே பரண்மேல் ஏறினார். எண்ணெய்க் காகிதம் சுற்றிய பொட்டலத்தோடு இறங்கினார். தலையின் அகலம், தண்டின் கனம், நீளம் மூன்றையும் இரண்டு வால்வுகளிலும் அளந்து காட்டச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அளந்து காட்டினார். ஒத்திருந்தது. அறுநூற்றைம்பது சொன்னார், அறுநூறு கொடுத்தேன். கைப்பை மல்லிகையில் இன்னும் கிரீஸ் வாசனை வருவதாக என் பெண் சொல்லுகிறாள்.

காஸ்கெட் மட்டும் இங்கே அகப்படவில்லை. ஆனால் இந்த இஞ்சினின் வம்சம் பெரியது. இங்கிலாந்தில் இதே குடும்பத்து இஞ்சினை ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பெரிதாக்கிப் பெரிதாக்கி 1980 வரை போட்டார்கள். அங்கே பழைய வண்டிகளைப் பேணுகிறவர்கள் ஏராளம். ஆகவே காஸ்கெட்டை இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்து நூறு ஆயிற்று. வயிறு எரிந்தது, ஆனால் இதில் பழைய சாமானை நம்ப முடியாது.

வால்வைத் தேய்த்துப் படிய வைக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வால்வின் ஓரத்தில் மணல் போன்ற பசையைத் தொட்டு வைத்து, ரப்பர்க் கிண்ணி கட்டிய ஒரு மரக்குச்சியை அதன் தலையில் ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்ட வேண்டும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நடுவில் தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடியும். தயிர் கடைகிற கைக்கு இது புதிதா? குச்சியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாற்பது ரூபாய்க்குப் பிடித்தேன். முதலில் முரட்டுப் பசை, பிறகு நைஸ் பசை. சுற்றிலும் அறுபடாமல் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் தெரிந்தால் சரி. ஏழு பழைய வால்வுகளில் இரண்டைப் பட்டறையில் கொடுத்து முகம் தீட்டி வந்தோம். முடிந்தபின் மூடியைக் கவிழ்த்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, ராத்திரி முழுவதும் விட்டோம். காலையில் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை. பெண் அதைப் போட்டோ எடுத்துத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ!

பெட்ரோல் விஷயம் இரண்டு உண்டு. 2000-ம் வருஷத்துக்கு முன்பு நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு இருக்கைகளுக்கு அது ஒரு மெத்தை மாதிரி. இப்போது ஈயம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாகப் போகிற வண்டிக்கு அதனால் பெரிய சேதமில்லை. இன்னொன்றைத்தான் கவனிக்க வேண்டும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் சேர்க்கிறார்கள். பழங்காலத்து ரப்பரை அது அரித்துவிடும். ஆகையால் பெட்ரோல் குழாய்களையும் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகட்டையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றினோம். இதில் சிக்கனம் கூடாது. பெட்ரோல் கசிந்தால் நெருப்பு.

கடைசி வேலை டாப்பெட் இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. ஏறக்குறைய ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம். மெல்லிய எஃகுத் தகட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்துத் திருக வேண்டும். மாமனார் தகட்டைக் கையில் எடுத்தார். அவர் விரல்கள் நடுங்கின. மூன்று தடவை முயன்றார். தகடு இடுக்கில் நுழையவில்லை. அதை என்னிடம் நீட்டிவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி, “ஒம்பது கணக்கு தெரியுமாம்மா?” என்றார்.

ஒன்பது கணக்கு இதுதான். எட்டு வால்வுகளுக்கும் வரிசையாக எண். எட்டாவது முழுக்க அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யலாம். ஆறாவது அழுந்தியிருந்தால் மூன்றாவது. அழுந்தியதையும் சரி செய்வதையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். இந்த நாலு ஸிலிண்டர் இஞ்சினுக்கு அது சட்டம். பெண் வண்டியை ஒவ்வொரு விரற்கடையாகத் தள்ளினாள். மாமனார் எண்ணைச் சொன்னார். நான் டயரின்மேல் உட்கார்ந்து திருகினேன். பட்டுப்புடவை மடிப்புக்குள் விரலை விட்டு இழுக்கிற மாதிரி ஒரு லேசான பிடிப்பு இருக்க வேண்டுமாம். “இன்னும் கொஞ்சம் தளத்து. பயப்படாதே, தளத்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் தடவை கிளப்பியபோது இஞ்சின் பீரங்கி போல ஒரு வெடி வெடித்துவிட்டு மௌனமாகிவிட்டது. தவறு என்னுடையது. பிளக் ஒயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பந்தி வரிசையில் மாட்டியிருந்தேன். இந்த இஞ்சினில் பரிமாறும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. மாற்றி மாட்டியதும், இரண்டு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. நாங்கள் ஊற்றிய எண்ணெயெல்லாம் எரிந்து வெள்ளைப் புகை சந்தை நிறைத்தது. மாநகராட்சியிலிருந்து கொசுப் புகை போட வந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு மாமி ஜன்னல்களைச் சாத்தினார். கால்மணியில் புகை தெளிந்தது. மூன்றாவது ஸிலிண்டரில் அழுத்தம் 115. நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

இஞ்சினுக்கு ஆன மொத்தச் செலவு 22,840 ரூபாய், பாட்டரியும் இட்டிலித் தட்டும் உட்பட. பிரேக், டயர் இரண்டும் தனிக் கணக்கு. பிரேக்கில் வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று அதைப் பட்டறைக்கே விட்டுவிட்டோம். பதிவைப் புதுப்பிக்க என் வீட்டுக்காரர் நடந்த நடை இன்னொரு கட்டுரைக்கு ஆகும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு மூடி நட்டுகளை மறுபடி இறுக்கி, டாப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். இஞ்சின் இப்போதும் ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு எண்ணெய் சிந்துகிறது. கீழே அந்தப் பழைய இட்டிலித் தட்டை வைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் பெருகுவதற்கு முன் புறப்பட்டோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். முன்னால் மாமியார், பின்னால் நான், மாமனார், பெண். இரும்புலியூர் தாண்டி, பெருங்களத்தூர் தாண்டி, தொழிற்சாலை இருந்த இடம் வந்ததும், “கொஞ்சம் நிதானமா போடா” என்றார் மாமனார். அங்கே இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். ராத்திரி வேலை முடிந்த பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பையன் எங்கள் வண்டியைப் பார்த்து போனைத் தூக்கினான்.

மாமியார் காதைச் சாய்த்துக் கேட்டார். “ஏங்க, இன்னும் அந்தச் சத்தம் வருதே! டிக் டிக்குன்னு.”

“வரட்டும்” என்றார் மாமனார். “இந்தத் தடவை நான் கையே வைக்கமாட்டேன்.”